வர்றேன் என்று சொன்ன எருமை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்தக் காட்டுக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். நடுவில் ஒரு மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் சிங்கத்தின் காடு, அந்தப் பக்கம் புலியின் காடு. இரண்டு ராஜாக்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அதனால் பரஸ்பர மரியாதைக்குக் குறைவில்லாமல் இருந்தது.

ஒரு நாள் சிங்கத்தின் சபைக்கு ஒரு பருந்து வந்தது. கடல் தாண்டி வியாபாரம் செய்கிற பருந்து. கூடவே ஒரு பெரிய பெட்டி.

"இது யோசனைப் பெட்டி மகாராஜா. செயற்கை அறிவு."

"ஏன், இயற்கையா இருந்தது என்னாச்சு?" என்று சிங்கம் கேட்டது. மந்திரி நரி தரையைப் பார்த்துக்கொண்டது.

"எங்க யார் என்ன பேசினாலும் இது கேட்கும். கூட்டிக் கழிச்சுப் பார்த்து, நடக்கப்போறதைச் சொல்லும்."

"நமக்கு எதுக்கப்பா அதெல்லாம்?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் புலி ஒண்ணு வாங்கிட்டாரே!"

அதற்குமேல் சிங்கம் ஒன்றும் கேட்கவில்லை, வாங்கிவிட்டது. உண்மையில் புலி அப்போது வாங்கியிருக்கவில்லை. பருந்து அங்கிருந்து நேரே புலியிடம் பறந்துபோய், சிங்கம் வாங்கிவிட்ட செய்தியைச் சொல்லி இன்னொரு பெட்டியை விற்றது. பொய் சொல்லத் தெரியாத பருந்து அது. உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லும், அவ்வளவுதான்.

பெட்டிக்கு ஒரு குணம் இருந்தது. யோசித்தால் கொதிக்கும். மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யானைகளை வரிசையாக நிறுத்தி, குளத்திலிருந்து உறிஞ்சி உறிஞ்சி ஊற்றச் சொன்னார்கள்.

அந்தக் குளத்தில்தான் மேதி என்கிற எருமை இருந்தாள். எருமைக்குக் குளம் என்பது குடிக்கிற தண்ணீர் மட்டும் இல்லை. வெயில் ஏறினால் கழுத்துவரை முங்கிக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் எரியும், மூச்சு வாங்கும், உயிர் நிற்காது. மேதி சபைக்கு வந்து முறையிட்டாள்.

"மகாராஜா, தண்ணி என் முட்டிக்கால் அளவுக்கு வந்திடுச்சு."

"போட்டின்னு வந்துட்டா கொஞ்சம் பொறுத்துத்தான் போகணும்மா," என்றது நரி.

"அந்தப் பெட்டி இதுவரைக்கும் என்னதான் யோசிச்சுது?"

"அந்தப் பக்கத்துப் பெட்டி என்ன யோசிக்குதுன்னு யோசிக்குது."

"அந்தப் பக்கத்துப் பெட்டி?"

"அது இதைப் பத்தி யோசிக்குது."

மேதிக்குத் தலை சுற்றியது. குளத்துக்குத் திரும்பிப் போனாள்.

இதற்கிடையில் ராக்காவல் ஆந்தைக்கு வேலை போயிற்று. பெட்டிதான் எல்லாவற்றையும் கேட்கிறதே! பிறகு பெட்டி தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதே ஆந்தையைப் பாதிச் சம்பளத்துக்கு மறுபடி எடுத்தார்கள். புதிய வேலைவாய்ப்பு உருவாகியிருக்கிறது என்று நரி சபையில் பெருமையோடு அறிவித்தது. ஆந்தையும் கைதட்டியது.

அந்தச் சமயத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த மேதியின் தங்கை கன்று ஈன்றிருந்தாள். மேதி பார்க்கப் போனாள்.

"எங்க குளத்துலயும் தண்ணி இறங்கிக்கிட்டே போகுதுக்கா," என்றாள் தங்கை. அக்காவும் தங்கையும் சேற்றில் படுத்து ஊர்க்கதையெல்லாம் பேசினார்கள். பொழுது சாய்ந்ததும் மேதி எழுந்தாள்.

நம் பக்கத்தில் யாரும் வாயால் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. சாவுக்குத்தான் அந்தச் சொல். மேதியும் முறைப்படி, "சரிடி, வர்றேன்" என்றாள். தங்கை புருஷனிடம் வர்றேன் என்றாள். கன்றை நக்கிக் கொடுத்து வர்றேன் என்றாள். கரையில் சும்மா நின்ற கொக்கிடமும் வர்றேன் என்றாள். நாலடி நடந்து, ஏதோ நினைவு வந்து, திரும்பி நின்று அரை மணி நேரம் பேசிவிட்டு மறுபடி எல்லோரிடமும் வர்றேன் என்றாள்.

புலியின் பெட்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. கடல் தாண்டி வந்த பெட்டி. தமிழைச் சட்டென்று கற்றுக்கொண்டது, ஆனால் யாரிடமும் ஒருநாளும் விடைபெற்றுப் பழகியதில்லை. அது புலிக்கு ஓர் அறிக்கை கொடுத்தது.

"பக்கத்துக் காட்டு எருமை, வரப்போவதாகத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அந்தக் காட்டில் எல்லா மிருகங்களும் அன்றாடம் இதையே சொல்கின்றன. ஆனால் ஒன்றுகூட இங்கே வந்து சேரவில்லை. ஆகவே, எல்லாம் எங்கேயோ ஒளிந்திருக்கின்றன."

புலிக்கு வியர்த்துவிட்டது. அன்று காலையில் அதுவும் தன் மனைவியிடம் வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தது. ஆனால் வீட்டில் சொல்வது வேறு, அறிக்கையில் படிப்பது வேறு. உடனே பருந்தைக் கூப்பிட்டு இன்னும் பெரிய பெட்டியாக வாங்கியது. புலியின் காட்டைப் பற்றிச் சிங்கத்தின் பெட்டியும் இதே அறிக்கையைக் கொடுக்க, சிங்கம் அதைவிடப் பெரியதாக வாங்கியது. இரண்டு காட்டிலும் யானைகளின் வரிசை நீண்டது.

நரி ஆழ்ந்து ஆராய்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. "நம்ம ஆளுங்க பேச்சால புலி பதற்றப்படுது. இனிமே யாரும் வர்றேன்னு சொல்லக்கூடாது. கிளம்பும்போது போறேன்னுதான் சொல்லணும்."

மறுநாள் காலையில் குகையை விட்டுக் கிளம்பிய சிங்கம், தான் போட்ட சட்டத்தைத் தானே மதித்து, "சரி, நான் போறேன்" என்றது.

பெண்சிங்கம் கையில் இருந்த எலும்பைக் கீழே போட்டது. "விடிஞ்சும் விடியாம என்ன பேச்சு இது? வாயைக் கழுவுங்க! செத்த நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க."

சிங்கம் உட்கார்ந்தது. குடத்தில் தண்ணீர் இல்லை. எல்லாம் பெட்டிக்குப் போயிருந்தது. சும்மா வாயை மென்றுவிட்டுச் சபைக்கு நடந்தது.

மற்ற மிருகங்களுக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. முயல் வீட்டுக்கு வந்த சம்பந்திகள், எப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதென்று தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். முயல் இளைத்துப்போயிற்று.

குளம் சேறாகி, சேறு காய்ந்து, வெடிப்பு விட்டது. ஒரு மத்தியான வேளையில் மேதி சபைக்கு வந்து நின்றாள். தோல் சாம்பல் பூத்திருந்தது.

"போறேன், மகாராஜா," என்றாள்.

சபை சிலிர்த்துப்போயிற்று. "பார்த்தீங்களா! சட்டத்தை மதிக்கிற குடிமகள்னா இவதான்!" என்று நரி கூவியது. சிங்கம் மேதியின் கழுத்தில் மாலை போட்டு, எல்லோரும் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

மேதி எல்லார் முகத்தையும் பார்த்தாள். எங்கே போகிறாய் என்று ஒருவராவது கேட்பார்கள் என்று நின்றாள். யாரும் கேட்கவில்லை. கடைசித் தண்ணீரை உறிஞ்சிய யானை மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டது. மேதி மாலையைக் கழற்றி, மெதுவாக மென்று தின்றாள். பிறகு நடந்தாள். அதற்கப்புறம் அவளை இரண்டு காட்டிலும் யாரும் பார்க்கவில்லை.

ஊற்றத் தண்ணீர் இல்லாமல் பெட்டி கொதித்தது. நின்றுபோவதற்கு முன் தன் கடைசி அறிக்கையைக் கொடுத்தது. "எருமை போவதாகச் சொல்லியிருக்கிறது. போவதால் ஆபத்து ஒன்றும் இல்லை." புலியின் பெட்டியும் அதே சமயம் நின்றுபோயிற்று. அந்தப் பக்கத்துப் பெட்டி இவ்வளவு அமைதியாக எதையோ யோசிக்கிறதே என்று இரண்டு ராஜாக்களுக்கும் கவலை வந்துவிட்டது.

அப்போது பருந்து வந்து இறங்கியது. "கவலையை விடுங்க மகாராஜா. புது மாடல் வந்திருக்கு. இதுக்குத் தண்ணியே வேணாம்."

"அப்புறம் எதுல ஓடும்?"

"காத்துல."

சிங்கம் ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டது.

"அந்தப் பக்கம் வாங்கிட்டாங்களா?" என்று நரி கேட்டது.

"வாங்கிட்டாங்களே!" என்றது பருந்து.

நீதி: எங்கிருந்து கிளம்பினாலும் மறக்காமல் "வர்றேன்" என்றே சொல்லுங்கள். நீங்கள் வருவதைப் பற்றித்தான் அரசுகள் கவலைப்படும்; போவதைப் பற்றி அல்ல.