மதலேனாவின் கருத்து

“உனக்கு ஏதும் கருத்து இருக்கோ?” என்று மரியதாசன் கேட்டான்.

மதலேனா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடக் கலியாண வாழ்க்கையில் அவன் அவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டிருக்கிறான். காய்ச்சல் இருக்கோ என்றும் ஒருமுறை கேட்டிருக்கிறான்.

“என்ன கருத்து?”

“அதைத்தானே நானும் கேக்கிறன். றேடியோவில இருந்து ஒரு பிள்ளை கோல் எடுத்தது. பிரதேச சபையில இருக்கிற பொம்பிளை மெம்பர்மாரோட கதைக்கினமாம். சமூகத்தைப் பற்றி, அரசியலைப் பற்றி உன்ர கருத்து வேணுமாம். இண்டைக்கு நாலு மணிக்கு. நேரடி ஒலிபரப்பு. நாடு முழுக்கக் கேக்கும். நான் ஓமெண்டிட்டன்.”

“என்னைக் கேளாமலோ?”

“நீ கிணத்தடிக்குப் போயிட்டாய். போன் என்ர கையில எல்லோ இருந்தது.”

மதலேனா உறுப்பினரானதும் ஏறக்குறைய இப்படித்தான். பட்டியலில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கட்சி அமைப்பாளர் பரமநாதன் நானாட்டானில் இருந்து மோட்டார் சைக்கிளில் பருத்திமுனைக்கு வந்து, “ஒரு பொம்பிளைப் பேர் குறையுது அண்ணை” என்றார். மரியதாசன் அலுமாரியைத் திறந்து அவளுடைய அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தான். அவள் அப்போதும் கருவாடுதான் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சபையில் அவளுக்கு ஒரு கதிரை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு போத்தல் தண்ணீர். ஏழு மாதத்தில் அவள் வாய் திறந்தது கொட்டாவி விட மட்டும்தான். ஒருமுறை, தலைக்கு மேலே காற்றாடி கழன்று விழுமாப்போல ஆடுவதைக் காட்டக் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துத் தவிசாளர் வாக்கு எண்ணிக்கொண்டிருந்தார். பிரேரணை ஒரு வாக்கால் நிறைவேறிவிட்டது. என்ன பிரேரணை என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

அதற்காகக் கருத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று இருந்தது. சபை வளவில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஐந்து மாதமாகக் குப்புறக் கிடந்தது. பருத்திமுனைக்கென்று வந்த தாங்கி அது. கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அதன் நிழலில் ஓர் ஆடு படுத்திருப்பதை மதலேனா பார்ப்பாள். ஆட்டுக்காவது உதவுகிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

தாங்கியைக் கடற்கரையில் மீனவர்கள் வலை வைக்கும் வாடியடியில் வைக்க வேண்டும் என்று மீனவர் சங்கம் சொன்னது. சங்கத் தலைவர் மரியதாசன். பள்ளிவாசல் ரோட்டில் வைக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். அவர்களுக்காகப் பேசுகிறவர் கடைக்கார முஹைதீன். எங்கே வைத்தாலும் கட்சித் தலைவர் வந்து நாடா வெட்டித் திறந்த பிறகுதான் தண்ணீர் என்றார் பரமநாதன். தலைவருக்கோ தை மாதம் வரைக்கும் நேரமில்லை.

“கருத்து இல்லாட்டிப் பரவாயில்லை, நான் எழுதித் தாறன்” என்று மரியதாசன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தான். எழுத எழுத அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. இந்திய இழுவைப்படகுகள், மண்ணெண்ணெய், அறுந்துபோன வலைகள், கடைசியில் வாடியடியில் தாங்கி. எல்லாவற்றுக்கும் மேலே ‘என்னுடைய கருத்து’ என்று எழுதிக் கோடும் போட்டான்.

திரும்பப் படித்தபோது பயம் பிடித்தது. கட்சியைக் கேளாமல் கதைத்தால் வில்லங்கம் வரும். பரமநாதனுக்கு ஒரு கோல் எடுத்தான்.

அதோடு நின்றிருக்கலாம். பரமநாதன் அரை மணித்தியாலத்தில் நேரிலேயே வந்து இறங்கினார். கையில் தட்டச்சுச் செய்த இரண்டு பக்கம்.

“அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கட்சியின்ர நிலைப்பாடு முழுக்க இதில இருக்கு. அப்பிடியே வாசிச்சாச் சரி. ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ பாப்பம்.”

மதலேனா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். “எமது மக்கள் நீண்ட காலமாக வேண்டி நிற்பது... அதிகாரப் பகிடி...”

“பகிர்வு அக்கா! அதிகாரப் பகிர்வு! பகிடி விட்டுச் சிரிக்கிற விசயமில்லை இது!”

“அதிகாரப் பகிர்வு” என்றாள் மதலேனா. அடுத்த வரியில் மறுபடியும் அதே சொல் வந்தது. அவள் மறுபடியும் பகிடி என்றாள். பரமநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“விடுங்கோ ஐயா, பழக்கி எடுக்கலாம்” என்று மரியதாசன் சமாதானம் சொன்னான். “எங்களுக்குப் பெரிய பிரச்சினை அதில்லை. வீட்டில கவறேஜ் இல்லை. முருங்கை மரத்தடியில ஒற்றைக் காலில நிண்டாத்தான் லைன் வரும்.”

ஊரில் கவறேஜ் ஒழுங்காக வருகிற ஒரே இடம் முஹைதீனின் கடை. மூன்று மணிக்கு மூவரும் அங்கே போனார்கள். போனதுதான் தாமதம், செய்தி பரவிவிட்டது. கடை வாசலில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். முஹைதீனின் மனைவி றாபியா மதலேனாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டாள். முஹைதீன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, மேசை லாச்சியில் இருந்து ஒரு தாளை எடுத்தார்.

“மெம்பர் தங்கச்சி, நீங்க எங்களுக்கும் மெம்பர்தானே. நானும் ரெண்டு வரி எழுதி வச்சிருக்கன்.”

இரண்டு வரி என்பது ஒன்றரைப் பக்கம். பள்ளிவாசல் ரோட்டில் ஆரம்பித்து, பள்ளிவாசல் ரோட்டிலேயே முடிந்தது.

“நானா, இது கட்சியின்ர நேரம்” என்றார் பரமநாதன்.

“கட்சியின்ர நேரமா இருக்கலாம். கடை என்ர கடை. கவறேஜும் என்ர கடைக்குத்தான் வருது.”

“சங்கத்தின்ர விசயம் முதல் வரவேணும்” என்றான் மரியதாசன். “ஏனெண்டா அவ என்ர மனுசி.”

யாருடைய தாளை முதலில் வாசிப்பது என்று அரை மணித்தியாலம் வாக்குவாதம் நடந்தது. மதலேனா கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபைக் கூட்டத்தில் இருப்பது போலவே இருந்தது. காற்றாடி மட்டும் புதிது.

கடைசியில் முஹைதீன்தான் ஒரு நீதியான வழி சொன்னார். மூன்று தாளையும் வெட்டுவது. சங்கத்தில் ஒரு துண்டு, கட்சியில் ஒரு துண்டு, பள்ளிவாசல் ரோட்டில் ஒரு துண்டு என்று மாறி மாறி ஒட்டுவது. ஒருவருக்கும் குறை வராது. கத்தரிக்கோலும் பசையும் கடையிலேயே இருந்தன. மூவரும் தலையைக் குனிந்து வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள். ஒட்டி முடிந்தபோது அது இரண்டு முழத்துக்கு மேல் நீண்டு, மதலேனாவின் மடியில் இருந்து நிலத்தில் தொங்கியது. பசை இன்னும் காயவில்லை.

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கையில் போன் அடித்தது. மரியதாசன் பாய்ந்து எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

“வணக்கம் அம்மா, வானொலியில இருந்து கதைக்கிறன்” என்றது ஓர் இளம் பெண் குரல். “பக்கத்தில றேடியோ பாடுற சத்தம் கேக்குது. எல்லாத்தையும் நிப்பாட்டி விடுங்கோ, இல்லாட்டி இரையும்.”

முஹைதீன் ஓடிப்போய்க் கடை றேடியோவின் வயரைப் பிடுங்கினார். பக்கத்து வீடுகளிலும் நிறுத்தச் சொல்லிப் பரமநாதன் கையைக் காட்டினார். ஊரே அடங்கியது.

“இப்ப சரி. அம்மா, நீங்கள் கதையுங்கோ. உங்கட ஊரைப் பற்றி, என்ன விருப்பமோ அதைச் சொல்லுங்கோ. நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டே இருங்கோ.”

பிறகு போனில் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. நாடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

மதலேனா வாசித்தாள். “எமது கட்சியின் உறுதியான நிலைப்பாடு யாதெனில்... இந்திய இழுவைப்படகுகள் அனைத்தையும்... பள்ளிவாசல் ரோட்டால் போக விட்டு... மழைக்காலத்தில் சேறாகும் அதிகாரப் பகிடியை... மண்ணெண்ணெய் ஊற்றி...”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பரமநாதன் கண்களை மூடிக்கொண்டார். மரியதாசன் ‘நிப்பாட்டாதை’ என்று விரலைச் சுழற்றினான். மதலேனா அடுத்த துண்டைப் பிரிக்கப் பார்த்தாள். பசையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

அவள் ஒருமுறை றாபியாவைப் பார்த்தாள். பிறகு அந்த நீளத் தாளை மடித்து, கதிரைக்குக் கீழே வைத்தாள்.

“பிள்ளை, என்னட்ட ஒரு பேப்பர் தந்திருக்கினம். என்ர கருத்தெண்டு அதில போட்டிருக்கு, எழுதினது மூண்டு பேர். ஒண்டும் நான் எழுதினதில்லை” என்றாள்.

மரியதாசன் எழுந்தான். நாடு கேட்கிறது என்று நினைவு வந்து மறுபடியும் இருந்தான்.

“என்ர கருத்து ஒண்டுதான். எங்கட ஊருக்கு வந்த தாங்கி அஞ்சு மாசமா சபை வளவில கிடக்குது. நான் இந்தியாவில அகதி முகாமில இருபது வருசம் குடத்தோட வரிசையில நிண்டனான். ஊருக்குப் போனா இந்த வரிசை இராதெண்டு அப்ப நினைப்பன். வந்து பாத்தா வரிசையும் இல்லை, தண்ணியும் இல்லை. இஞ்ச நிக்கிற றாபியா இடம்பெயர்ந்து புத்தளத்தில இருந்தவ. அவவும் அங்க வரிசையில நிண்டவதான். இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கிணத்துக்கு ஒரு கட்டை தூரம் நடக்கிறம். நடக்கேக்க எங்களுக்குள்ள ஒரு சண்டையும் வந்ததில்லை. தாங்கியை எங்க வைக்கிறதெண்டு எங்களைக் கேட்டிருந்தா, கிணத்தடிக்குப் போய்ச் சேர முதலே சொல்லியிருப்பம். ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டது நீ ஒருத்திதான் பிள்ளை.”

அவள் கடைக்குள் இருந்த மூன்று ஆண்களையும் பார்த்தாள்.

“ஏன் வரேல்லையெண்டு நான் சொன்னாக் கோள் சொன்ன மாதிரிப் போயிடும். சொல்லவேண்டிய ஆக்கள் மூண்டு பேரும் இஞ்சதான் இருக்கினம். அவையளே சொல்லட்டும்.”

போனை எடுத்துப் புருஷனின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

மரியதாசனுக்கு வேர்த்தது. வவுனியாவில் இருக்கும் மச்சான் ஒரு நிகழ்ச்சியும் தவறவிடாமல் றேடியோ கேட்கிறவன். நாட்டில் உள்ள மீனவர் சங்கங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

“வணக்கம் நேயர்களே” என்றான். “மீனவர் சங்கம் ஒருக்காலும் தடை சொல்லேல்லை. வாடியடியெண்டு நாங்கள் சும்மா ஒரு கதைக்குச் சொன்னது. சங்கத்தின்ர உழவு மெசின் நிக்குது. நாளைக்கே நான் தாங்கியை ஏத்திக்கொண்டு வந்து இறக்குவன்.”

“எத்தினை மணிக்கு?” என்றாள் றாபியா.

“காலமை... ஒன்பது மணிக்கு.”

போன் முஹைதீனிடம் போனது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்களுக்குப் பள்ளிவாசல் ரோட்டிலதான் வேணுமெண்டு ஒரு பிடிவாதமும் இல்லை. என்ர கடைக்கு முன்னுக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கு. ரெண்டு பக்கத்துக்கும் நடு. தாங்கி அதில நிக்கட்டும். அல்லாஹ்வுக்காகத் தாறன். வேணுமெண்டா எழுதியும் தாறன்.”

“இப்பவே எழுதுங்கோ” என்று சொல்லி றாபியா லாச்சியைத் திறந்தாள்.

பரமநாதன் மெல்ல மோட்டார் சைக்கிள் பக்கம் நகர்ந்திருந்தார். மதலேனா எழுந்துபோய்ப் போனை நீட்டினாள். கட்சித் தலைவர் வாகனத்தில் போகும்போது எப்போதும் றேடியோ போட்டபடிதான் போவார் என்பது பரமநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

“அன்பார்ந்த மக்களே!” அவருடைய குரல் தானாகவே மேடைக் குரலாக மாறியது. “விழாவா, மக்களின் தாகமா என்று கேட்டால், தாகம்தான் முக்கியம் என்பதே எமது தலைவரின் கொள்கை. நாடாவும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். தாங்கியை எடுத்துச் செல்ல அனுமதிக்கும் கடிதத்தோடு நாளைக் காலை எட்டு மணிக்குச் சபை வாசலில் நிற்பேன்!”

வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பள்ளிவாசல் ரோட்டு ஆட்களும் வாடியடி ஆட்களும் சேர்ந்தே தட்டினார்கள். முஹைதீன் கையெழுத்திட்ட தாளை றாபியா நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மதலேனா வந்து கதிரையில் பொத்தென்று இருந்தாள். நாடு முழுக்கக் கேட்க என்னவெல்லாம் சொல்லிவிட்டாள்! கட்சி அவளை நீக்கப்போகிறது. மரியதாசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினாள், காணவில்லை. அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்த அடையாள அட்டையின் படத்தை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறவன் போல அவன் இருந்தான்.

போனில் இரைச்சல் நின்று, அந்தப் பெண்ணின் குரல் மறுபடியும் வந்தது.

“அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, உங்களைக் கதைக்கச் சொல்லிப்போட்டு மற்ற அறைக்குப் போயிட்டன். சத்தம் தெளிவா வருதாம், லைன் நல்ல சரி. நாலு மணிச் செய்தி முடிய உங்களைக் கூப்பிடுறன், அப்ப கதையுங்கோ. அதுதான் றேடியோவில போகும்.”