ஓரம் வெட்டாத ஒரு படம்

ஒரு போட்டோவின் இரண்டு ஓரங்களுக்காக வாழ்நாள் முழுவதும் சண்டை போட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எனக்கு எதிர் வீட்டில் இருந்தார். பெயர் அற்றம் மாமா. அற்றம் என்றால் மலையாளத்தில் ஓரம். போட்டோ பிரிண்ட் போடும் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. கொஞ்ச நாளில் தெருவும் எடுத்துக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை கிடைத்து அங்கே குடிபோனபோது மாமா ஒரு சர்க்கார் ஆபீஸில் சூப்பரண்டாக இருந்தார். அவருடைய மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த காமிரா எப்போதும் கழுத்தில் தொங்கும். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம், பூணூல், சீமந்தம் என்றாலும் காசு வாங்காத போட்டோகிராபர் அவர்தான். காசு வாங்காத ஆளை வேண்டாம் என்று சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் மனம் வராது.

தனித்தனியாக எடுக்கிற படங்களால் தொந்தரவில்லை. கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒன்று எடுப்பார் பாருங்கள், அங்கேதான் சனி பிடிக்கும். பிலிமில் படம் நீளமாக விழும். சட்டம் போட்டு மாட்டுவதற்கு எல்லோரும் கேட்கும் பேப்பரோ பத்துக்கு எட்டு. அவ்வளவு நீளம் அதில் கிடையாது. பேப்பர் நிறையப் படம் வரவேண்டும் என்று கடையில் இரண்டு பக்கத்தையும் விட்டுவிடுவார்கள். வலது கோடியில் ஒருவர், இடது கோடியில் ஒருவர், காலி. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தோளும் கையும் தப்பும்.

மாமா கடையில் போய் நிற்பார்.

"படத்தைச் சித்தே சின்னதாக்கிப் போடும். மேலயும் கீழயும் வெள்ளையா இருந்துட்டுப் போறது. எனக்கு ரெண்டு அற்றமும் வேணும், கேட்டீரா?"

"சாமீ, இத்தனை வெள்ளை வந்தால் ஆளுகள் எந்து பறயும்? பேப்பர் வேஸ்டாக்கி எந்நு பறயும்."

"ஓய், பேப்பர் வேஸ்டானாப் போறது. இங்க மனுஷா வேஸ்டாறா."

கடைக்காரர் தலையை ஆட்டுவார். மறுநாள் படம் வரும், ஓரம் இல்லாமல். மெஷின் தானாக வெட்டிவிட்டது என்பார். மாமா அடுத்த கடைக்குப் போவார். ஊரிலுள்ள எல்லா மெஷினுக்கும் கோடியில் நிற்கிறவர்கள் மேல் ஏதோ பூர்வஜன்மப் பகை இருந்தது.

"கொஞ்சம் பின்னால் போய் எடுத்தால் ஓரம் பத்திரமாக இருக்குமே மாமா" என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். போனார். ஒரு பூணூலில், காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தவர் திடீரென்று காணாமல் போனார். எட்டிப் பார்த்தால் தெரு ஓடையில் கிடக்கிறார். இடுப்பு வரை சேறு. தலைக்கு மேலே தூக்கிய கையில் காமிரா. "யாரும் நகராதேள்" என்றார் உள்ளேயிருந்து.

நாளடைவில் தெருவுக்கும் விவரம் புரிந்துவிட்டது. மாமா காமிராவைத் தூக்கினால் எல்லோரும் நடுவுக்குப் பாய ஆரம்பித்தார்கள். கோடியில் நின்றால் படத்தில் வராது என்பதோடு போகவில்லை. ஆயுசுக்கே ஆகாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மூலை வீட்டுக் கல்யாணத்தில் ரிட்டையர்டு தாசில்தார் மாமா நாலு பேரை இடித்துக்கொண்டு வந்து, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றே விட்டார்.

முணுமுணுக்காமல் கோடிக்குப் போகிறவர் ஒருவர்தான். அற்றம் மாமாவின் அக்கா, விசாலம் அத்தை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தாயில்லாத தம்பியை வளர்த்தவரும் அவர்தான். சுப காரியங்களில் முன்னால் வரமாட்டார். "நான் இங்கயே நின்னுக்கறேன்" என்று வரிசையின் வலது கோடியில், தூணோரமாக நிற்பார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடிதான் பேப்பரை விட்டு வெளியே போயிற்று. வீடு முழுக்கத் தேடினாலும் அவர் படம் ஒன்று கிடையாது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அத்தையைத் தனியாக உட்காரவைத்து ஒன்று எடுத்துவிடுங்களேன் மாமா" என்றேன்.

"உட்காந்தாத்தானே. எனக்கெதுக்குடா தனிப்படம், நான் என்ன மகாராணியாங்கறா. சரி, எல்லாரோடயும் நடுவுல வந்து நில்லுன்னா, நல்ல காரியத்துல என்னை ஏண்டா இழுக்கறேங்கறா. அக்காவை என்னால ஜெயிக்க முடியாது, கேட்டியா. கடைக்காரனையாவது ஜெயிக்க முடியறதான்னு பார்க்கறேன்."

அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்ய எனக்கு முழு மனசு வரவில்லை. முக்கால் மனசோடு செய்துவந்தேன்.

கடைசியில் அந்த மூலை வீட்டுக் கல்யாணப் படத்தில் ஜெயித்தார். புதிதாகத் திறந்த ஒரு கடைக்காரர், இவர் தொல்லை தாங்காமல், மேலும் கீழும் பட்டையாக வெள்ளை விட்டு முழுப்படத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டார். வலது கோடியில் விசாலம் அத்தை, கால்விரல் வரை தெளிவாக. மாமா அதை நெஞ்சோடு அணைத்தபடி பழவங்காடியில் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர். அதுதான் வினை. நாங்கள் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள், இவ்வளவு வெள்ளை பார்க்க நன்றாயில்லையே என்று மேலும் கீழும் வெட்டியிருந்தார். வெட்டியதும் படம் வாழைப்பட்டை மாதிரி ஒடுங்கி, சட்டத்துக்குப் பொருந்தவில்லை. பொருந்தட்டும் என்று சின்னச் சட்டமாக எடுத்துப் பக்கத்திலும் வெட்டியிருந்தார்.

மாமா கடை வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த ஒரு புண்ணியவான் அவர் மடியில் ஒரு மூடியை வைத்துவிட்டுப் போனார்.

மறுபடியும் நெகட்டிவ், மறுபடியும் அந்தப் புதுக் கடை, மறுபடியும் கெஞ்சல். இந்தத் தடவை மாமா சட்டம் போடுகிறவர் யாரையும் நம்பவில்லை. தானே அட்டையில் ஒட்டிக் கூடத்தில் மாட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு. இத்தனை வெள்ளை என்னத்துக்குடா?"

மாமா சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. ஆனால் அதன் பிறகு கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அத்தை அந்தப் படத்தின் முன்னால் சற்று நின்றுவிட்டுத்தான் போனார். அதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த அத்தை எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்து, பதிமூன்றாம் நாள் சுபத்தன்று மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். இருப்பது அது ஒன்றுதான். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை தெளிவாக யோசனை சொன்னார்: "அத்தையை மட்டும் அதிலேர்ந்து கட் பண்ணிப் பெரிசாக்கிடலாம் மாமா. ஒரு மணி நேரத்துல குடுத்துடுவா."

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரோடயும் சேர்ந்து அவ நின்னது இந்த ஒரு படத்துலதான். இதுலேர்ந்தும் அவளைத் தனியா வெட்டணுமா?"

மாமா படத்தை அப்படியே நாற்காலியில் வைத்து, பெரிய ரோஜா மாலை ஒன்றைப் போட்டார். சாப்பிட வந்தவர்கள் கும்பிடக் குனிந்தார்கள். குனிந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். மாலைக்குள்ளே தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது.

"என்ன அக்கிரமமாக்கும் இது? நான் உசிரோட இருக்கேன். எனக்கு மாலை போட்டிருக்கீரே" என்றார் தாசில்தார் மாமா. கல்யாணப் பெண்ணின் அம்மா, "இப்பத்தானே தாலி ஏறியிருக்கு" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழவே ஆரம்பித்தாள். நானும் அந்தப் படத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று மனசுக்குள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

மாமா மாலையைக் கழற்றினார். பிறகு அதிலிருந்து ஒரு பூவை மட்டும் பிய்த்து, வலது கோடியில், அக்காவின் தலைக்கு மேலே வைத்தார். பூ நிற்கவில்லை, விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடியும் விழுந்தது. அப்புறம் விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பந்தி முடிந்து, இலையெடுத்து, கடைசி ஆள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போகும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.

இப்படி ஒரு தம்பி எனக்கு இருந்தால், எந்தப் படத்திலும் கோடியில் நிற்க எனக்குச் சம்மதம்.