பத்தேகால் அங்குலம்

வியாழக்கிழமை எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரம் உயிரை விட்டது. என் மனைவி மார்லிஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். புதுசு வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை ஒருநாள் அவள், ஒருநாள் நான் என்று முறை வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

உயிருள்ளவரை பாத்திரம் தேய்க்கும் தொட்டியடியில் நிற்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வெளியே சொன்னது வேறு. "என் கை வழுக்குற கைன்னு உனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல உங்கம்மா குடுத்த தட்டு ரெண்டும் என்னாச்சு?"

அந்த இரண்டையும் நான் வேண்டுமென்றேதான் நழுவ விட்டேன். அவற்றின் புண்ணியத்தில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. மார்லிஸ் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் மனைவி ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை.

ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டு ஓரின் பீரோடு வந்தான். டிவியில், அமெரிக்க ஃபுட்பால் ஆடும் கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிக்காரர்கள் மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல ஓடவிட்டு, அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கல்லூரி அணிக்குப் பந்தைக் கையால் எறிந்து கொடுக்கும் குவாட்டர்பேக் லிண்டும் அதில் இருந்தான். போன சீசனில் முப்பத்தொரு டச்டவுன் எறிந்து புள்ளிகளைக் குவித்தவன். ஏப்ரலில் நடக்கும் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே ஏதாவது அணி அவனைக் கொத்திக்கொண்டு போகும் என்றான் ஓரின். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அவன் கையை அளந்தாங்களே, பாத்தியா? கட்டைவிரல்லேர்ந்து சுண்டுவிரல் வரைக்கும் எட்டே முக்கால் அங்குலம். ஒம்பதுக்குக் கீழ இருந்தா அது ஒரு கையா? டிசம்பர் பனியில பந்து வழுக்கிட்டுப் போயிடும்."

பையனுக்குத் தோள் இருக்கிறது, மூளை இருக்கிறது என்று ஓரின் அடுக்கினான். நான் கை விஷயத்தை விடவில்லை. சோபாவில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மார்லிஸுக்கு இந்த ஆட்டத்தில் ஒருநாளும் ஆர்வம் இருந்ததில்லை. அன்று வந்தது.

"ஏங்க, கை பெருசா இருந்தா வழுக்கவே வழுக்காதா?"

"வழுக்காது."

"ஈரமா இருந்தாலும்?"

"கொட்டுற மழையில கூட. கை பெருசுன்னா எதுவும் நழுவாது மார்லிஸ். இது சயின்ஸ்."

மனைவி ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறாளே என்ற பூரிப்பில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவள் தையல் டேப்பை எடுத்து, உங்கள் கை எவ்வளவு பார்க்கலாமா என்றதும் நானே விரல்களை விரித்து நீட்டினேன். பத்தேகால் அங்குலம். "இந்தக் கைலேர்ந்து எண்ணெய் தடவின பன்னிகூட தப்பாது" என்று ஓரின் சாட்சி சொன்னான். மார்லிஸ் சமையல் ஏப்ரனை என் கழுத்தில் மாட்டினாள்.

சரி, பழைய வித்தை இருக்கிறதே. முதல் தட்டுக்கு நிறையச் சோப்புப் போட்டு, நழுவ விட்டேன். தட்டு தரையில் விழுந்து, துள்ளி, உருண்டு, ஓரின் காலடியில் போய்ப் படுத்தது. கீறல்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமையே பிளாஸ்டிக்ல ஒரு செட் வாங்கிட்டேன்" என்றாள், என் தோளில் சாய்ந்துகொண்டு. "எத்தனை தடவ வேணும்னாலும் போடுங்க. எடுத்து மறுபடியும் கழுவணும், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள்மேல் பிரியம்தான் வந்தது.

ஏப்ரலில் லிண்டை முதல் சுற்றிலேயே எடுத்துவிட்டார்கள். ஓரின் ஓடிவந்து சொன்னபோது நான் வாணலி தேய்த்துக்கொண்டிருந்தேன். புது இயந்திரம் ஏன் இன்னும் வரவில்லை என்று அன்றுதான் கடைக்குப் போன் போட்டேன். வீட்டில் நல்ல பெரிய கை ஒன்று கிடைத்துவிட்டதாகச் சொல்லி, வீட்டம்மா எப்போதோ ஆர்டரை ரத்து செய்துவிட்டார்களே என்றார்கள்.