வழிமொழியும் வள்ளல்

மனிதர்களில் வழிமொழிவார் என்றொரு வகை உண்டு. கொடுப்பவர் பட்டியலிலும் வரமாட்டார், கொடுக்காதவர் பட்டியலிலும் அகப்படமாட்டார். யாரோ கொடுப்பதைப் பார்த்து, அதை மனமார ஆதரித்து, தாமே கொடுத்துவிட்ட களைப்போடு வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்காருபவர். உங்கள் ஊரில் இல்லையா? சும்மா சொல்லாதீர்கள்.

எங்கள் விருத்தாசலத்தில், செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில், இந்த வகைக்கு அசல் மாதிரியாக ராஜாங்கம் இருக்கிறார். ரத்ததான முகாம் என்றால் முதல் ஆளாகப் போய், படுத்திருப்பவர்களின் தோளைத் தட்டி, "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தைரியம் சொல்லி, அவர்களுக்கு வைத்திருந்த பழரசத்தில் ஒன்றைக் குடித்து, போட்டோவில் நடுவில் நின்று, சட்டைக்கையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார். அன்னதானமா? முழு ஆதரவு. கண்தானமா? முழு ஆதரவு. அதற்கு மட்டும் அவரிடம் பஞ்சமே கிடையாது.

போன ஐப்பசியில், எங்கோ பனி கொட்டும் நாடு ஒன்று பாலஸ்தீன அகதிகளுக்குக் கூடாரமும் மாவும் மருந்தும் அனுப்புவதாகச் செய்தி வந்தது. நல்ல காரியம். அந்தக் கூடாரத்துக்குள் யாரோ ஒரு தாய் பிள்ளையை நனையாமல் படுக்க வைப்பாள். அதில் எனக்குக் கேலி இல்லை. செய்தியைப் படித்த ராஜாங்கத்துக்குக் கண் கலங்கியதும் நிஜம். கலங்கிய கண்ணோடு அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த நாட்டுக்கு நன்றி சொல்லக் கூட்டம் போட்டார். அவர் வீட்டு வாசலிலேயே பந்தல், ஐம்பது வாடகை நாற்காலி.

பந்தல்கால் நடும்போது எதிர்வீட்டு அமிர்தம் ஓடிவந்தார். வெள்ளைக் களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து அச்சில் ஊற்றிப் பொம்மை செய்பவர். முந்தின நாள் காற்றில் அவருடைய கொட்டகைத் தகரம் பறந்துவிட்டது. உள்ளே ஒரு மாத உழைப்பு, நானூறு யானைப் பொம்மைகள், இன்னும் சூளை ஏறவில்லை. சுடாத பொம்மை நனைந்தால் மறுபடி சேறுதான். வானமோ கறுத்துக் கிடந்தது.

"அண்ணே, படுதா கட்டிப் பார்த்தேன், நிக்கலீங்க. பக்கத்துல ஒங்க புது வூடு காலியாத்தானே கெடக்குது, கொஞ்சம் தொறந்து வுடுங்க. நாளைக்கு சூளையில ஏத்திடுவேன்."

"கண்டிப்பா செய்யணும்மா. யாராவது இதைச் செஞ்சே ஆகணும். என் முழு ஆதரவு ஒனக்கு இருக்குது."

"ஆதரவு இருக்கட்டுங்க. சாவியக் குடுங்க."

ராஜாங்கம் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இப்பத்தான் டைல்ஸ் ஒட்டியிருக்குது. பச்சை மண்ணு பாரு, கறை புடிச்சிடும். மீட்டிங்கு முடியட்டும், பேசுவோம்."

மீட்டிங்கு தொடங்கியது. தலைக்கு மேல் கூரை என்பது மனிதனின் உரிமை என்றும், அதைத் தந்த நாட்டை விருத்தாசலம் மறக்காது என்றும் ஒருவர் முன்மொழிய, ராஜாங்கம் தழுதழுத்த குரலில் வழிமொழிந்தார். கைதட்டல் அடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று. ராஜாங்கம் பாய்ந்து ஓடிச் சாவியைப் போட்டுக் காலி வீட்டைத் திறந்தார்.

நாற்காலிகளுக்காக! வாடகை நாற்காலி நனையக் கூடாதல்லவா? ஐம்பதும் புது டைல்ஸில் அடுக்கடுக்காக ஏறின, சேற்றுக் காலோடு.

எதிரே அமிர்தம் முந்தானையைக்கூடப் பொம்மைகள் மேல் விரித்துப் பார்த்தார். முதலில் தும்பிக்கைகள் கரைந்தன, பிறகு காதுகள். மழை விட்டபோது கொட்டகையில் கணுக்கால் வரை வெள்ளைக் குழம்பு.

ராஜாங்கமும் வந்து பார்த்தார். அவருக்கும் கண் கலங்கியது. "சே, இந்தம்மாவுக்கு யாராவது ஏதாவது செய்யணும். ஒருத்தர் எந்திரிச்சு சொல்லுங்கப்பா, நான் வழிமொழியறேன்."

கூட்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலைந்தது. அமிர்தம் மட்டும் மண்வெட்டியை எடுத்துச் சேற்றை வழிக்கத் தொடங்கினார்.

'அடப் பாவமே, அந்தச் சாவியைக் கொடுத்திருக்கக் கூடாதா?' என்கிறீர்கள். சரியாகச் சொன்னீர்கள், நானும் வழிமொழிகிறேன். அன்று நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். எங்கள் மாடி அறை காலியாகத்தான் இருந்தது, இன்றும் காலிதான். உங்கள் வீட்டில் எப்படி?