பட்டியலில் இல்லாத லினக்ஸும் நாலு குழாய் ஸ்பீக்கரும்

மைக் செட் வைத்திருப்பவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பேசுவார்கள். அவன் வயரைப் பார்த்துக்கொள்வான். எனக்கு இந்தத் தொழில் பிடித்ததே அதனால்தான். இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை என் மைக்கில் நானே பேசினேன். அந்த மானக்கேட்டைத்தான் எழுதுகிறேன்.

அப்பா பெங்காலி பேசும் ஊருக்குப் பிழைக்க வந்து, கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் ஏழாவதோடு நின்றேன். இப்போது டாக்குரியாவில் ரயில்வே லைன் பக்கத்துச் சந்தில் மனைவி, மகளோடு குடியிருக்கிறேன். துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மைக் கட்டுவேன். பூஜை முடிந்தால் பாதி வருஷம் சும்மா. என் மனைவி செல்வி இரண்டு வீடுகளில் சமையல் செய்தாள். அவளுக்கு முட்டி வலி. மாடிப்படியில் பிடித்துப் பிடித்து ஏறுவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். (கேட்டால் என்ன செய்வது?)

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் ஆள் கேட்டார்கள். மீட்டிங் ஹால்களில் மைக், ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் கால், எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதச் சம்பளம். செல்விதான் எழுதிப் போட வைத்தாள். பதில் வந்தது. இன்டர்வியூ கம்ப்யூட்டர் காலில்தானாம். போனில் வரக்கூடாது. உன் கம்ப்யூட்டர், உன் மைக், அதுவே பரீட்சை.

இந்த வேலை கிடைத்தால் செல்வி அந்த மாடிப்படி ஏற வேண்டாம். என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

என்னிடம் இருந்தது பந்தலில் பாட்டுப் போடும் பழைய கம்ப்யூட்டர். அதை ஓட்ட லினக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் சந்தின் தபன்தா. ('தா' என்றால் அண்ணன்.) ரயில்வே கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். லினக்ஸில் பல சாதி உண்டு. அவர் போட்டது யாரும் கேள்விப்படாத சாதி. பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.

காலுக்கான சாப்ட்வேரின் பக்கத்தைத் திறந்தார். எந்தெந்த லினக்ஸில் ஓடும் என்று பட்டியல் இருந்தது. நம்முடையது இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன மாமா மாதிரி தபன்தா முகம் சுருங்கிவிட்டது.

"சைபர் கஃபேக்குப் போயிடறேன், தபன்தா" என்றேன்.

"போ. ஆனா அதுக்கப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே" என்றார். (நாங்கள் பேசியது பெங்காலியில். தமிழில் எழுதுகிறேன்.)

நாலு நாள் உட்கார்ந்தார். முதல் நாள் சாப்ட்வேர் உள்ளேயே ஏறவில்லை. வேறு லினக்ஸுக்குச் செய்த பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து அங்கங்கே செருகினார். இரண்டாம் நாள் திறந்தது. திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் அந்தப் பக்கக் குரல் கேட்டது. என் குரல் போகவில்லை. அவர் தன் வீட்டில் போனை வைத்துக்கொண்டு நின்றார். நான் இங்கிருந்து "ஹலோ ஹலோ" என்று கத்தினேன்.

"கேக்குது!" என்றார். ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறது.

நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. (அபூர்வம்.) பாட்டுப் போடும் மிக்ஸரை, அதாவது சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்ப் பெட்டியை, அந்த லினக்ஸுக்கு ஏற்கெனவே தெரியும். அதிலேயே பந்தல் மைக்கையும் என் ஹெட்போனையும் மாட்டினேன். குரல் போனது. வந்தது. தபன்தா என்னைக் கட்டிப்பிடித்தார். வீட்டுக்கு ஓடிப்போய் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து ஊட்டினார்.

இன்டர்வியூ பூஜைக்கு முந்தைய நாள், காலை பதினொரு மணி. பந்தல் பக்கத்து கிளப் அறையில், என் மிக்ஸரும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். போனை அணைத்தேன். காதை மூடும் தடி ஹெட்போன். தபன்தா வெளியே காவல். என்ன ஆனாலும் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

இன்டர்வியூ எடுத்த மேடம் பெங்காலியில் பேசினார். எனக்குப் பெங்காலி நன்றாக வரும். அன்றைக்கு வினையே அதுதான். தமிழாக இருந்தால் சந்தில் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

மேடம் கேட்டார்: "சத்தம் சரியா இருக்கு. ஆனா ஒரு பெரிய அதிகாரி பத்தலைங்கறார். கூட்டினா மைக் ஊளையிடும். என்ன பண்ணுவீங்க?"

"கூட்டற மாதிரி காட்டுவேன், மேடம்."

"எப்படி?"

"எங்க பூஜை கமிட்டி செக்ரட்டரி பிஸ்வாஸ் பாபு தினம் வந்து கூட்டு கூட்டுன்னுவார். மிக்ஸர்ல கடைசிக் குமிழ்ல வயரே கிடையாது. அதைத் திருகுவேன். 'ஹாங், இப்ப சரி'ன்னு போயிடுவார்."

மேடம் சிரித்தார். "எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா."

"கண்டுபிடிக்கவே இல்லையா?"

"அவருக்கு ஒரு காது மந்தம், மேடம். பாட்டுப் போட்டிக்கு அவர்தான் ஜட்ஜ்."

மேடம் இன்னும் சிரித்தார். ஒருவரைச் சிரிக்க வைத்துப் பழக்கமில்லாதவன் நான். ருசி கண்டுவிட்டேன். ஜட்ஜ் கொடுத்த பரிசுகளைப் பற்றியும் சொன்னேன்.

கதவு படாரென்று திறந்தது. பிஸ்வாஸ் பாபு. ஒரு கன்னத்தில் ஷேவிங் சோப்பு. பின்னால் செல்வி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. அவளுக்குப் பின்னால் சந்தில் பாதி. தபன்தாவை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஏங்க! ஆம்ப்ளிஃபயரை அமத்துங்க! மீன் மார்க்கெட் வரைக்கும் கேக்குது!" என்றாள் செல்வி.

பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நானேதான் போட்டிருக்கிறேன். மைக் முன்னால் உட்கார்ந்தால் என் கை அந்த சுவிட்சைத் தட்டும். பதினைந்து வருஷப் பழக்கம். முந்தின நாள்தான் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். நன்றாகவே கட்டியிருந்தேன்.

கையை நீட்டினேன். பிஸ்வாஸ் பாபு பிடித்துக்கொண்டார்.

"தொடாதே! ஊரே கேக்கட்டும்!" மைக்கில் குனிந்தார். "பதினோரு வருஷமா இவன் என்னை ஏமாத்தியிருக்கான்!"

நாலு குழாயும் அதைச் சொல்லின. மைக் ஊளையிட்டது.

"யார் சார் நீங்க?" மேடத்தின் குரல் வாசல் வழியாகத் தெருவிலிருந்து வந்தது.

"செக்ரட்டரி பிஸ்வாஸ்!"

"இவர் வேலையில வேற என்ன குறை, சொல்லுங்க."

வேலை போயிற்று என்று நினைத்தேன். செல்வியின் முட்டியைப் பார்த்தேன்.

பிஸ்வாஸ் பாபு என் கையை விட்டார்.

"குறையா? ஒரு தடவைகூட மைக் நின்னதில்ல. மழையில தார்ப்பாயை மிக்ஸருக்குப் போர்த்திட்டு இவன் நனைவான்." மைக்கை விட்டுக் கொஞ்சம் விலகினார். "சத்தமும்... சரியாத்தான் இருந்தது."

"அப்புறம் ஏன் கூட்டச் சொன்னீங்க?"

தெருவில் சைக்கிள் ரிக்‌ஷாகூட நின்றுவிட்டது.

"செக்ரட்டரி வந்துட்டு ஒண்ணும் சொல்லாம போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

சந்து மொத்தமும் சிரித்தது. நான் சுவிட்சை அணைத்தேன். மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எந்த சிஸ்டத்தில் பேசுகிறீர்கள் என்று கேட்டார். தபன்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பெயரைச் சொன்னார்.

"அது சாப்ட்வேர் பட்டியல்லயே இல்லையே?"

"பட்டியல்ல இல்லாம எவ்வளவு தூரம் கேட்டுது பாத்தீங்களா?" என்றார் தபன்தா.

பூஜை முடிந்து வேலையில் சேரச் சொன்னார்கள். செல்வி அடுத்த மாதம் சமையல் வேலையை விட்டாள். நான் தபன்தாவுக்கு நன்றி சொல்லப் போனேன். போய் நின்றேன். வார்த்தை வரவில்லை. "புரிஞ்சுது, உள்ளே வா, டீ குடி" என்றார். பிஸ்வாஸ் பாபுவிடமும் அப்படித்தான் போய் நின்றேன். அவர் டீ கொடுக்கவில்லை. ஆனால் பூஜைக்கு வேறு ஆளின் மைக் செட்டை வைக்கவில்லை. அந்த மேடத்துக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்: நன்றி. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

வீட்டில் அன்றிலிருந்து எனக்கு மரியாதை இல்லை. செல்வி ஏதாவது சொல்லி நான் தலையாட்டினால், "இது வயர் உள்ள தலையா, இல்லாததா?" என்கிறாள். இப்போது மகளும் கேட்கிறாள். பெங்காலியில்.

பூஜைக்கு மட்டும் லீவு போட்டு மைக் கட்டுகிறேன். முதல் நாள் சாயங்காலம் பிஸ்வாஸ் பாபு வருவார். "என் குமிழ் எது?" என்பார். காட்டுவேன். தானே குனிந்து திருகுவார். நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக் கேட்பார். "ஹாங், இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கும் கொஞ்சம் கூடின மாதிரிதான் கேட்கிறது.