குழாய் நடத்திய நேர்முகத் தேர்வு

"நீங்கதான் இன்ஜினியராச்சே தம்பி. இதைக் கொஞ்சம் பாருங்க" என்று காதலியின் அப்பா ஆராய்ச்சியாளனிடம் ஸ்பேனரை நீட்டினார்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க வந்த இடத்தில் இப்படி ஒரு பரீட்சையை அவன் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் லேசுப்பட்டவர் இல்லை. பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்து அலமாரி முழுக்க மாணவர்கள் கொடுத்த கேடயங்கள். 'என் பொண்ணை இன்ஜினியருக்குத்தான் கொடுப்பேன்' என்று ஒற்றைக்காலில் நிற்பவர்.

ஆராய்ச்சியாளன் படித்தது என்னவோ சிவில்தான். பாலம் கட்டும் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தான். அங்கே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ருசி கண்டு, கல்வியியல் பக்கம் தாவி, பொறியியல் மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டான்.

"அப்பாகிட்ட பாலத்தோட நிறுத்திக்கோ" என்று வாசலிலேயே காதலி எச்சரித்திருந்தாள்.

அவன் மறையை இறுக்கினான். சொட்டிய குழாய் ஒழுகத் தொடங்கியது.

"முதல்ல அப்படித்தான் இருக்கும் சார். போகப்போக நின்னுடும்."

"எது, தண்ணியா, கல்யாணமா?" என்றார் பெரியவர்.

மறுபக்கம் திருப்பினான். பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் நேராகப் பெரியவரின் சட்டையில் பாய்ந்தது.

"மெயின் வால்வை மூடு, போ" என்று காதலி விரட்டினாள்.

கொல்லைப்பக்கம் ஓடி, கண்ணில் பட்ட வால்வை மூடினான். மாடியில் குடியிருப்பவரின் குரல் வந்தது. "யாருங்க தண்ணிய நிறுத்தினது? மூஞ்சியெல்லாம் சோப்புங்க."

பதறிப்போய் அதைத் திறந்துவிட்டு, பக்கத்து வால்வின் மேல் தன் பலம் முழுவதையும் காட்டினான். திரும்பி வந்தபோது ஒரு கையில் குழாயின் பிடியும் மறு கையில் வால்வின் பிடியும் இருந்தன. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. காதலியின் செருப்பு மிதந்து கூடத்துக்குக் கிளம்பியிருந்தது.

இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை. அவன் இரண்டு பிடிகளையும் சமையல் மேடைமேல் வைத்தான்.

"மன்னிச்சுடுங்க சார். பாலத்தை விட்டு எப்பவோ வந்துட்டேன். போர்டுல பிரமாதமா வரைஞ்சு காட்டுறவங்களுக்கு, வேலைன்னு இறங்கினா ஏன் கைக்கு வரமாட்டேங்குதுன்னு ஆராய்ச்சி பண்றேன். அதான் என் பொழப்பு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க பொண்ணையும்."

பெரியவர் சட்டையைப் பிழிந்தார். "அப்ப நீங்க இன்ஜினியர் இல்ல."

வாசலில் யாரோ செருமினார்கள். காலையிலேயே வெளியே போயிருந்த காதலியின் அம்மா, ஒரு பிளம்பரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினாள்.

"உங்க ஆராய்ச்சிக்கு ஆள் தேடி வெளியில அலைய வேண்டாம் மாப்பிள்ளை. நல்லா இருந்த குழாயைக் காலையில கழட்டி மாட்டிக் கெடுத்ததே, ரிட்டையர் ஆகுற வரைக்கும் குழாய்ல தண்ணி எப்படி ஓடும்னு காலேஜ்ல பாடம் நடத்தின இவர்தான்."