லெப்ட்-ரைட் சேரும் பையிலிருந்த குண்டும்

மாத்தளை மாவட்டத்திலேயே தபால்காரரையும் குனிந்து நிமிர வைத்த ஒரே ஆசிரியர் எங்கள் லெப்ட்-ரைட் சேர்தான். கடிதம் கொடுக்க வந்தவர், முதுகு வலிக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், விசில் ஊதப்பட்டது.

பலாபத்வலைக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். மற்ற இடங்களில் பி.டி. பாடம் வந்தால் கணக்கு டீச்சர் அதை விழுங்கிவிடுவார். எங்கள் டீச்சரும் முயன்றார். சேர் வகுப்பு வாசலில் நின்று ஊதிக்கொண்டே இருந்தார்.

"கணக்கு நாளைக்கும் இருக்கும் டீச்சர். புள்ளைங்க முட்டி இன்னைக்குத்தான் மடங்கும்!"

வேகமாக ஓடுகிறவர்களை மட்டும் பழக்கிவிட்டு, மற்றவர்களை மரத்தடியில் உட்கார வைப்பது அவருக்குப் பிடிக்காது. நானோ, ஓடினால் அட்டைகூட முந்திவிடும். பிள்ளைகள் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. இரும்புக் குண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஓட வேணாம்மா. இதத் தள்ளிப் பாரு."

அப்படித்தான் மாத்தளையில் நடந்த குண்டு போடும் போட்டிக்கு இருவரும் புறப்பட்டோம். நாட்டில் சண்டைக் காலம். பஸ்ஸில் நெரிசல். இரும்புக் குண்டு என் பையில். முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த சேர், பின்னால் இருந்த என்னைப் பார்த்து மைதானத்துக் குரலில் கத்தினார்.

"குண்டு பத்திரமா இருக்காம்மா? கீழ போட்டுறாத!"

பஸ் மூச்சை நிறுத்தியது. பக்கத்தில் இருந்த அக்கா ஜன்னல் வழியே பாதி வெளியே போய்விட்டார். அடுத்த வளைவில் இராணுவ செக் பொயின்ட். பஸ் நிற்கும் முன்பே செய்தி கீழே இறங்கிவிட்டது. எங்களையும் இறக்கினார்கள்.

"மே மொகத்த?" இது என்ன என்று பையைக் காட்டிக் கேட்டார் ஆமிக்காரர்.

சேருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. துப்பாக்கியைக் கண்டதும் தண்ணீர் வற்றிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"தள்ளிக் காட்டும்மா."

குண்டை எடுத்து, ஓரத்துப் புல்லில் தள்ளினேன். இரண்டு ஆமிக்காரர்கள் மண்மூட்டைக்குப் பின்னால் குப்புற விழுந்தார்கள். குண்டு 'தொப்'பென்று விழுந்து சும்மா கிடந்தது.

அவர்களில் வயதானவர் சிரித்துவிட்டார். தானும் பள்ளிக்கூடத்தில் போட்டிருப்பதாகச் சொல்லி, துப்பாக்கியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, குண்டை வாங்கி வீசினார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து சேர் விசிலை ஊதினார்.

"ஃபவுல்! கால் கோட்டத் தாண்டிருச்சி!" என்றார் சிங்களத்தில். அதற்கு மட்டும் மொழி வந்துவிட்டது. அங்கே கோடே இல்லை. ஆமிக்காரர் தன் காலிலிருந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து, இன்னொரு முறை ஒழுங்காகப் போட்டார். பிறகு குண்டைத் துடைத்து என் பையிலேயே வைத்தார்.

பஸ் கிளம்பியதும் சேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பயந்துட்டியாம்மா?"

"ஆமா சேர்."

"நானுந்தான்."

போட்டியில் நான் கடைசி. சேர் அளவு நாடாவைப் பார்த்தார். "போன கிழமைய விட ஒரு சாண் கூடிருச்சி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக் குதித்தார். முதலிடம் வந்த பிள்ளை தன் பரிசை மறந்து, எங்கள் சேரையே பார்த்துக்கொண்டிருந்தது.